பனங்கற்கண்டுப் பாலும் நான்கு முன்பற்களும்

காரைக்குடியை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து 28 வயதுத் தாய் ஒருவர் மருத்துவரான எனக்கு ஐந்து பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் மாமியார், கணவரின் அப்பத்தா, இவர், இரண்டு குழந்தைகள். மூத்தவனுக்கு 2 வயது 3 மாதம், இளையவளுக்கு 5 மாதம். மூத்தவனின் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பேறி, அவற்றில் ஒன்று பாதி உடைந்துவிட்டது. கீழ்ப்பற்கள் நன்றாக இருக்கின்றன. இரண்டாவது முறை கருவுற்றது தெரிந்த சில வாரங்களில் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, பசும்பாலில் பனங்கற்கண்டு கலந்து புட்டியில் கொடுத்து வந்திருக்கிறார்கள். இரவு புட்டியைச் சப்பிக்கொண்டேதான் தூளியில் உறங்குவான். நடுவில் விழித்தால் இன்னொரு புட்டி. பகலில் அப்பத்தாவின் மடியிலிருந்து கற்கண்டும் பிஸ்கட்டும் வரும்.

“வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு கொடுத்த பால் கெட்ட பால், அதுதான் பல்லை அரித்துவிட்டது” என்கிறார் மாமியார். “பால் பல்தானே, விழுந்து முளைக்கும்” என்கிறார் அப்பத்தா. புகை போட்டுப் புழு எடுப்பவரிடம் கூட்டிப்போகச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு பல் மருத்துவர் நான்கையும் பிடுங்கிவிடலாம் என்றிருக்கிறார். இன்னொருவர், மயக்க மருந்து கொடுத்து உறை போடலாம் என்றிருக்கிறார். கணவரோ தொலைபேசியில், “நீ சரியாகக் கவனிக்கவில்லை” என்றாராம். யார் சொல்வதைக் கேட்பது, இளையவளுக்கும் இப்படி ஆகாமல் எப்படிக் காப்பது என்று கேட்டிருக்கிறார். கையெழுத்துக்குக் கீழே, பின்குறிப்பாக ஒரு வரி: “உடைந்த பல்லுக்கு மேலே ஈறில் சின்னப் பரு போல வந்து வந்து மறைகிறது. மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அடங்கிவிடுகிறது.”

அன்புள்ள சகோதரி,

ஐந்து பக்கத்தையும் விட, அந்தப் பின்குறிப்புதான் என்னைக் கவலைப்பட வைத்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஈறில் வரும் அந்தப் பரு சூட்டுக் கொப்புளமாக இருக்க வாய்ப்புக் குறைவு. சொத்தை பல்லின் நடுவில் இருக்கும் நரம்புக்கூழ் வரை போய், அது அழுகி, வேர்முனையில் சேர்ந்த சீழ் வெளியேறத் தனக்கொரு வழி செய்துகொண்டிருக்கிறது என்றே அநேகமாகப் பொருள். சீழ் வடிந்தால் பரு மறையும், வலியும் தெரியாது. அதனால்தான் பிள்ளை அழாமல் இருக்கிறான். மருந்து கொடுத்ததும் அடங்குவதை நீங்கள் குணம் என்று எடுத்துக்கொண்டீர்கள். நோய் பல்லுக்குள் இருக்கிறது. செத்துப்போன நரம்புக்கூழுக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேர்வதில்லை. மேலே இருப்பது அடங்கும், பத்து நாளில் திரும்பி வரும். அந்த வேருக்கு மிக அருகில்தான் நாளைக்கு முளைக்கவேண்டிய நிரந்தரப் பல்லின் குருத்து வளர்ந்துகொண்டிருக்கிறது. நீண்ட நாள் சீழ், அதன் கடினமான வெளிப்படலமான எனாமலையும் பழுதாக்கலாம்.

ஆகவே மற்ற மூன்று பற்களைப் பற்றி நிதானமாக முடிவெடுக்கலாம், இந்த ஒன்றுக்கு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். இடையில் உதடோ கன்னமோ வீங்கினால், வீக்கம் கண் பக்கம் ஏறினால், காய்ச்சல் வந்தால், பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பரு தெரியும் நாளில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் அது மறைந்திருக்கும், அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் பால் மேல் பழி இல்லை

கருவுற்ற தாயின் பால் கெட்டுப்போவதில்லை. அளவு குறையலாம், சுவை சற்று மாறலாம், அவ்வளவுதான். உங்கள் மாமியாருக்கான பதில் உங்கள் பிள்ளையின் வாயிலேயே இருக்கிறது. பாலின் தரமோ சுண்ணாம்புச் சத்துக் குறைவோ காரணம் என்றால், மேல் முன்பற்கள் மட்டும் இவ்வளவு மோசமாகி, கீழ்ப்பற்கள் இவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. புட்டியைச் சப்பும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது. பக்கத்திலேயே உமிழ்நீர் சுரக்கிறது. மேல் முன்பற்களுக்கு அந்தக் காவல் இல்லை. இனிப்புப் பால் அவற்றைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. புட்டியோடு உறங்கும் பிள்ளைகளிடம் நாங்கள் திரும்பத் திரும்பக் காணும் அமைப்பு இது. கால்சியம் சிரப் வாங்கலாமா என்று நடுவே கேட்டிருக்கிறீர்கள். விழுந்த குழியை அது அடைக்காது.

புழுவும் காரணம் இல்லை. கண்டங்கத்திரி விதைப் புகை போட்டு, கிண்ணத்தில் விழுவதைப் புழு என்று காட்டுவார்கள். பல்லுக்குள் புழு குடியிருப்பதில்லை. இரண்டு வயதுப் பிள்ளையின் வாய் அருகே நெருப்பையும் புகையையும் கொண்டு போவதைத்தான் அஞ்ச வேண்டும். அங்கே உண்மையில் வசிப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பது அவற்றில் முக்கியமானது. நாம் தரும் சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குவது அவற்றின் வேலை. அமிலம் கூடக் கூட பிஹெச் என்ற அளவெண் குறையும்; பல்லின் மேல் அது 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்து, கரைந்ததில் கொஞ்சத்தைத் திரும்ப ஒட்டவும் வைக்கும். அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும்.

இப்போது நீங்கள் எழுதியுள்ள அன்றாட நடப்பைக் கூட்டிப் பார்ப்போம். உறங்கும்போது ஒரு புட்டி, நடு இரவில் ஒன்று அல்லது இரண்டு, விடிந்ததும் ஒன்று, பத்து மணிக்குப் பிஸ்கட், பதினொன்றுக்குக் கற்கண்டு, மதியம் உறங்க ஒரு புட்டி, நான்கு மணிக்குச் சத்துமாவுப் பானம், விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி கற்கண்டு. எட்டு, ஒன்பது முறை. உமிழ்நீர் ஒரு தடவையைச் சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இரவிலோ உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். அந்த நேரத்துப் புட்டி விடியும் வரை பல்லில் வேலை செய்கிறது. எத்தனை கிராம் இனிப்பு என்பதைவிட, எத்தனை முறை, எந்த நேரத்தில் என்பதுதான் இந்தப் பற்களின் கதை.

பனங்கற்கண்டு நல்லதுதானே என்று உங்கள் வீட்டில் மட்டும் நினைக்கவில்லை. என் அறைக்கு வரும் பத்துத் தாய்மாரில் பாதிப்பேர் “சீனியே கொடுப்பதில்லை டாக்டர்” என்று பெருமையாகத் தொடங்குவார்கள். அடுத்த வாக்கியத்தில் பனங்கற்கண்டோ கருப்பட்டியோ தேனோ வரும். பெரியவர்களின் தொண்டைக்கு அது இதமாக இருக்கலாம். கிருமிக்கு அந்த வேறுபாடு தெரியாது. பனங்கற்கண்டில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கும் அதே பொருள்.

பால் பல் விழும், ஆனால் எப்போது?

அப்பத்தா சொல்வது பாதி சரி. முன் பால் பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்கும். உங்கள் மகனுக்கு இன்னும் நான்கு ஐந்து ஆண்டுகள் அவை வேண்டும். கடைவாய்ப் பால் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவை முன்கூட்டியே போனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், பின்னால் வரும் பல் கோணலாக வரும். உங்கள் கடிதத்தில் கடைவாய்ப் பற்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்த வயதில் முதல் கடைவாய்ப் பற்கள் முளைத்திருக்கும், இரண்டாவது வந்துகொண்டிருக்கும். நல்ல வெளிச்சத்தில் அவற்றின் குழிகளைப் பாருங்கள். அவற்றைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது என்பதே என் நம்பிக்கை.

பிடுங்குவதா, உறையா?

வாயைப் பார்க்காமல், எக்ஸ்ரே பார்க்காமல் இரண்டு மருத்துவர்களில் ஒருவர் பக்கம் நான் சாய்வது முறையாகாது. ஆனால் நான்கு பற்களுக்கும் ஒரே சிகிச்சை என்று இருக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் சொல்வேன். ஒவ்வொரு பல்லும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தனித்தனியே கேளுங்கள்.

பரு உள்ள பல்லுக்கு இரண்டே வழி. வேர் வலுவாக இருந்தால் உள்ளே சுத்தம் செய்து மருந்து நிரப்பி உறை போடலாம். இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும். ஒரு முன்பல்லை எடுப்பதால் பெரிய இடக்கேடு வராது. சாப்பிடுவான், பேசுவான், சிரிப்பில் ஓர் இடைவெளி இருக்கும். நிரந்தரப் பல் வரும் வரை அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான், அவனுக்கு அது ஒரு பொருட்டாக இராது.

மற்ற மூன்றில் நரம்பு தொடப்படாமல் இருந்தால், உங்களிடம் யாரும் சொல்லாத ஒரு வழியும் உண்டு. சில்வர் டயமைன் புளூரைடு என்ற திரவத்தைச் சிறு தூரிகையால் சொத்தையின் மேல் தடவுவது. ஊசி இல்லை, துளைக்கும் கருவி இல்லை, ஒரு சில நிமிட வேலை. சொத்தை பரவுவதை அது பெரும்பாலும் நிறுத்திவைக்கும். தேவைப்பட்டால் சில மாதம் கழித்துத் திரும்பத் தடவுவார்கள். குறை ஒன்று: தடவிய இடம் கன்னங்கரேலென்று கறுத்துவிடும். கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கறுப்பைத் தாங்கிக்கொண்டால், பிள்ளை நாலு வயதில் நாற்காலியில் தானாக உட்காரும் வரை காலம் வாங்கலாம். சீழ் பிடித்த பல்லுக்கு இது உதவாது.

முழு மயக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடிப்பது பல பற்கள் கெட்ட சின்னப் பிள்ளைகளுக்கு நியாயமான வழிதான். ஆரோக்கியமான பிள்ளைக்கு ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மயக்க மருத்துவர் யார், எந்த மருத்துவமனையில், முன்பரிசோதனை உண்டா, எத்தனை மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுங்கள். எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்வதும், வேறு வழி உண்டா என்று கேட்பதும், இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவதும் உங்கள் உரிமை. கேட்டால் முகம் சுளிக்கிறாரே என்று தயங்க வேண்டாம். இன்னொன்று: இரவுப் புட்டி தொடர்ந்தால், எவ்வளவு செலவழித்துப் போட்ட உறையின் ஓரத்திலும் சொத்தை திரும்பும். செலவு தடையாக இருந்தால் காரைக்குடி அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்கள். புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

புட்டியை நிறுத்தும் வழி

ஒரே நாளில் பிடுங்கி எறிந்தால் வீடே உறங்காது. முதல் வாரம் பனங்கற்கண்டை நாளுக்கு நாள் குறைத்து, முழுக்க நிறுத்துங்கள். அடுத்த வாரம் இரவுப் புட்டியில் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். கடைசியில் வெறும் தண்ணீர். வெறும் தண்ணீருக்காக நடு இரவில் விழிக்கப் பிள்ளைகளுக்கே அலுத்துவிடும். பாலை இரவுச் சாப்பாட்டோடு டம்ளரில் கொடுங்கள். அதன்பின் பல் துலக்கல், பிறகு தண்ணீர் மட்டும். நன்றாகச் சாப்பிடும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு நடு இரவில் பால் தேவையில்லை. சொல்லப்போனால், நாள் முழுக்க அரை லிட்டருக்கு மேல் பசும்பாலே குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றில் நாட்டம் குறைந்து, இரும்புச் சத்தும் குறையும். மூன்று நான்கு இரவுகள் அழுவான். அந்த இரவுகளுக்கு மாமியாரின் ஒத்துழைப்பு இல்லாமல் நீங்கள் தனியாக இதைத் தொடங்க வேண்டாம்.

பலகாரமே கூடாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நானும் தேவகோட்டையில் பிறந்தவள். பால் பணியாரமும் கந்தரப்பமும் இல்லாத விசேஷத்தை நினைத்துப் பார்க்க முடியாது. கவுனி அரிசி இனிப்பு செய்த நாளில் மூத்தவனுக்கும் சாப்பாட்டோடு ஒரு கரண்டி கொடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் உமிழ்நீர் நிறையச் சுரக்கும், அது வாயைக் கழுவிவிடும். நான் தடை போடுவது அப்பத்தாவின் மடியில் மணிக்கொரு தரம் பிறக்கும் கற்கண்டுக்குத்தான். அந்த மடியில் கொய்யாத் துண்டோ, அவித்த கடலையை மசித்த உருண்டையோ இருக்கட்டும். முழுக் கடலை வேண்டாம். இந்த வயதில் மூச்சுக்குழலில் சிக்கும்.

பேஸ்ட் விஷமா?

புளூரைடு பேஸ்ட் விழுங்கினால் விஷம் என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அளவு மீறினால் அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. பல் உருவாகும் வயதில் நீண்ட நாள் அதிகப் புளூரைடு உள்ளே போனால், வரப்போகும் பற்களில் வெள்ளைக் கோடுகளும் திட்டுகளும் விழும். அதனால்தான் மூன்று வயது வரை ஓர் அரிசிமணி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு என்று வைத்திருக்கிறோம். அரிசிமணி அளவை விழுங்கினாலும் கேடில்லை. பேஸ்ட்டைப் பிதுக்குவது எப்போதும் பெரியவர் கையாகவே இருக்கட்டும். அட்டையில் 1000 பிபிஎம் புளூரைடு என்று இருக்கிறதா பாருங்கள். குழந்தைப் படம் போட்ட சிலவற்றில் அதில் பாதிதான் இருக்கும், சிலவற்றில் புளூரைடே இராது. குடிப்பது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் அதில் புளூரைடு எவ்வளவு என்று ஒருமுறை குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க வேறு தண்ணீர் தேட வேண்டும்.

காலையில் ஒரு முறை, இரவு உறங்கும் முன் ஒரு முறை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரவை விடாதீர்கள். பிள்ளை தானே துலக்கட்டும், ஆசைக்கு. அதன்பின் ஏழெட்டு வயது வரை நீங்கள் ஒருமுறை துலக்கிவிட வேண்டும்.

இளையவளுக்கு

இவளுக்கு எல்லாம் கையில் இருக்கிறது. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம். மூத்தவனுக்கு நேர்ந்ததை எண்ணி நிறுத்திவிடாதீர்கள். ஒரு வயதுக்குப் பிறகு மட்டும், இரவெல்லாம் மார்பைச் சப்பியபடியே உறங்கும் பழக்கம் பல்லுக்கு நல்லதில்லை. பல் துலக்கிய பின் பால் கொடுத்து, உறங்கியதும் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். புட்டியை வாங்கவே வேண்டாம். உங்கள் அலமாரியில் வெள்ளிப் பாலாடை இருக்கும்; எங்கள் ஆச்சிமார் வைத்திருந்த அந்தக் கருவிக்கு இணையாக இன்றைய புட்டிக் கம்பெனிகள் எதையும் செய்துவிடவில்லை. உறங்கும் பிள்ளையின் வாயில் பாலாடையை வைத்துவிட்டு யாரும் எழுந்து போக முடியாது. ஆறு மாதம் முடிந்ததும் சின்ன டம்ளர்.

இப்போதே நாளுக்கொரு முறை ஈரத் துணியால் ஈறைத் துடைத்துவிடுங்கள். விரல் வாய்க்குள் வருவது அவளுக்குப் பழகும். ஆறாம் மாதத்தை ஒட்டி முதல் பல் தெரிந்த அன்றே அரிசிமணிப் பேஸ்ட்டும் மென்மையான தூரிகையும். இரண்டு வயது வரை கூழிலும் பாலிலும் சர்க்கரை, வெல்லம், கற்கண்டு எதுவும் வேண்டாம். சேனை வைக்கிறோம் என்று தேனைத் தொட்டு வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன், பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைக் கொண்டுவரக்கூடும். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழுவும் பல்லைப் பார்க்கும்.

மாதம் ஒரு தரம் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் முதல் அடி. அந்தக் கட்டத்தில் புளூரைடு வார்னிஷ் பூசி, பழக்கத்தையும் மாற்றினால் பல் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். மூத்தவனுக்கும் இந்தக் கோடு எப்போதோ வந்திருக்கும். உதட்டைத் தூக்கிப் பார்க்க உங்களிடம் யாரும் சொல்லவில்லை. உங்கள் கடைவாயிலும் ஒரு சொத்தை இருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை அடைத்துக்கொள்ளுங்கள். சொத்தைக் கிருமி பிறக்கும்போதே வருவதில்லை. பெரும்பாலும் வளர்ப்பவரின் எச்சில் வழியாகத்தான் வருகிறது. ருசி பார்த்த கரண்டியால் ஊட்டுவது, மென்று கொடுப்பது இரண்டையும் தவிர்த்தால் போதும், முத்தத்துக்குத் தடை இல்லை.

மாமியாரையும் கணவரையும் பற்றி

மருத்துவரிடம் போகும்போது மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் வந்து சொன்னால் அது மருமகள் பேச்சு. எக்ஸ்ரேயைக் காட்டி மருத்துவர் சொன்னால் அது வேறு. காலையில், பிள்ளை உறங்கி எழுந்து தெளிவாக இருக்கும் நேரமாகக் கேட்டு வாங்குங்கள். இந்த வயதில் அவனை நாற்காலியில் கிடத்த வேண்டியதில்லை. நீங்களும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் சேர எதிரெதிரே உட்கார்ந்து, அவன் கால்கள் உங்கள் இடுப்பைச் சுற்றியிருக்க, தலையை மருத்துவர் மடியில் சாய்த்தால் வாய் முழுவதும் தெரியும். வீட்டில் பல் துலக்கவும் இதே முறைதான் எளிது. மருத்துவர் இடத்தில் மாமியார் உட்காரட்டும்.

கணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் ஊரில் இரவு எட்டு மணி என்றால் சிங்கப்பூரில் பத்தரை. எப்படியும் அந்த நேரத்தில் வீடியோவில் பிள்ளையைப் பார்ப்பார் இல்லையா? துலக்கும்போது எதிரே இருந்து அவர் வாயைத் திறந்து காட்டட்டும், அவரைப் பார்த்து இவனும் திறப்பான். பிறகு கைப்பேசியைத் தூளிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். புட்டி இல்லாத அந்த முதல் வார இரவுகளில், அவன் உறங்கும் வரை கதை சொல்லிக்கொண்டிருப்பது அவர் பொறுப்பு.